தலைவர் இல்லாத சங்கம்

காலை ஐந்தே காலுக்கு எழுகிறேன். பால் பாக்கெட் கேட்டில் மாட்டிய பையில் இருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் துலக்குகிறேன். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் அணைக்கிறேன். டீ ஒரு டம்ளர். நாள்காட்டியில் தேதித்தாளைக் கிழிக்கிறேன். ராசிபலன் படிப்பதில்லை. தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு எண் எழுதி, பிரிட்ஜ் மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுகிறேன். இன்று 91.

கடையில் வாங்கிய இட்லி மாவைப் பிரித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பு இருக்கிறது. இன்னொரு சொட்டும் வைத்துப் பார்க்கிறேன். அதிலும் இருக்கிறது. நான்கு இட்லி ஊற்றுகிறேன். மூன்று எனக்கு. நான்காவது காக்காவுக்கு. காக்கா வராவிட்டால் அதுவும் எனக்கு.

மற்ற நாட்களில் ஏழரைக்கு மில் பஸ் வரும். வடமதுரை ரோட்டில் ஒரு நூற்பாலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலைக் கருவியில் மாட்டி, அறுகிறவரை இழுக்க வேண்டும். அறுந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த நூலை மாட்ட வேண்டும். இதற்கு எம்.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன்.

இன்று ஞாயிறு. பஸ் இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு மீட்டிங். அத்தை ஸ்ரீமதியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீமதி என் மகள். ஆறு வயது. மீட்டிங் முடிந்து அவள் என்னோடு வருவாளா, அத்தையோடு சின்னாளபட்டிக்கே திரும்புவாளா என்பது இன்று தெரிந்துவிடும். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது.

கனகா போன வருசம் ஜனவரியில் இறந்தாள். ஸ்கூட்டர், ரவுண்டானா, டேங்கர் லாரி. அவள் இருந்தவரை நான் குடித்ததில்லை. மில் ஆண்டுவிழாவில் எல்லோருடைய பைக் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு மாம்பழ ஜூஸ் குடிக்கிற ஆள் நான்தான். அவள் போன பிறகு ஒருநாள் வாங்கினேன். பிறகு தினமும் வாங்கினேன். ஒரு குவாட்டர், சமையலறை மேஜை, எதிரே சுவர். சண்டை கிடையாது. பாட்டு கிடையாது. சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் கொஞ்ச நாளில் போய்விட்டது.

இந்த வருசம் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீமதியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டேன். நாலு மணிக்குப் போக வேண்டியது. ஏழு மணிக்கு வாட்ச்மேன் போன் செய்தார்.

"சார், உங்க பாப்பா எந் தூக்குவாளியக் காலி பண்ணிருச்சு. அது பரவால்ல. நீங்க வாரீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நான் கேட்டப் பூட்டணும்."

ஆட்டோவில் போனேன். ஸ்ரீமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூங்கிட்டியாப்பா?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை அத்தை வந்துவிட்டார். அங்கம்மாள், கனகாவின் அம்மா. சின்னாளபட்டியில் தறி வைத்திருக்கிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"நான் கத்தலை மாப்ள," என்றார். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. "பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள நீங்க நிப்பாட்டியிருக்கணும். நிப்பாட்டிட்டா பிள்ள உங்ககிட்ட. இல்லைன்னா எங்க ஊர்லயே ஒன்னாப்பு சேத்துருவேன். எடம் சொல்லி வச்சாச்சு."

எதிர் வீட்டு ஜன்னலில் இருந்தவர் அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

நானாக நிறுத்திப் பார்த்தேன். நான்கு நாள் நின்றது. பிறகு போனில் தேடினேன். குடியை நிறுத்தியவர்கள் கூடிப் பேசுகிற மீட்டிங் திண்டுக்கல்லில் நடக்கிறது என்று மூன்று எண்கள் வந்தன. முதல் எண் இப்போது பியூட்டி பார்லர். "கல்யாணப் பொண்ணுக்கா சார்?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது எண்ணை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒருவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"குடிநோயாளிகள் மீட்டிங்னு போட்டிருந்தது," என்றேன்.

"கரெக்ட்டான நம்பர் தம்பி. அருமையான மீட்டிங். கண்டிப்பாப் போங்க."

"நீங்க இருப்பீங்களா?"

"நான் இப்ப அங்க போறதில்ல. குடிச்சிட்டிருக்கேன்."



"எங்க நடக்குது?" என்றேன்.

"சர்ச்சு தெரியும்ல?"

"எந்த சர்ச்சு?"

"அதான் தம்பி, பெருசா, வெள்ளையா."

திண்டுக்கல்லில் பெருசா, வெள்ளையா நான்கைந்து இருக்கின்றன. அவர் வழி சொன்னார். ஒரு பேக்கரி வரும், அதற்கு எதிர்ச் சந்து, இல்லை அந்த பேக்கரியை இடித்துவிட்டார்கள், சரி, இடித்த பேக்கரிக்கு எதிர்ச் சந்து. மூன்று தடவை சொல்லியும் எனக்குப் புரியவில்லை. அவர் அழ ஆரம்பித்தார்.

"ஒரு நல்ல காரியத்துக்கு வழி கேக்குறீங்க. சொல்லத் தெரியல பாருங்க எனக்கு. ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன்."

அவர்தான் மோகன்குமார். பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். சொன்னபடி வந்தார். சந்து முனையில் ஒரு டீக்கடை. சந்தின் கடைசியில் சர்ச்சுக்குப் பின்பக்கம் ஒரு அறை. அதன் வாசலில் மோகன்குமார் நின்றுவிட்டார்.

"அம்புட்டுத்தான் தம்பி. நான் உள்ள வர மாட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மோகன், செருப்பக் கழட்டிட்டு வா."

கழற்றினார்.

அது ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் அறை. சுவரில் அணில், ஆடு, இலை. முழங்கால் உயரப் பெஞ்சுகள். அவற்றில் பன்னிரண்டு பெரிய ஆட்கள், முட்டி காதைத் தொடும்படி உட்கார்ந்திருந்தார்கள். குரல் கொடுத்தவர் கருப்புசாமி. வடமதுரையில் தேங்காய் மண்டி. பதினோரு வருசமாகக் குடிக்காதவர். யாரைப் பார்த்தாலும் விரலால் காற்றில் ஒரு சுண்டு சுண்டுவார், தேங்காயைத் தட்டிப் பார்க்கிற பழக்கம். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"நல்ல காய்தான். சத்தம்தான் வரல," என்றார். "உக்காரு அப்பு."

அங்கே விதிகள் கொஞ்சம். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, போர்டு கிடையாது. உள்ளே பார்த்த ஆளை, கேட்ட பேச்சை வெளியே சொல்லக் கூடாது. திண்டுக்கல்லில் இது கஷ்டம். சுப்புராஜ் என்று ஒரு விவசாயி. நெய்க்காரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"ஏனுங்க, பழனிப் பக்கம் போனா யாராச்சும் பாத்துருவாங்கன்னு இம்புட்டுத் தொலைவு வந்தனுங்க," என்றார். "வந்து பாத்தா எங்க மாமன் உக்காந்திருக்காருங்க."

பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர் கையைத் தூக்கிக் காட்டினார். அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்தாராம். இருவரும் இப்போது ஒரே பஸ்சில் வருகிறார்கள். ஊரில் யாராவது கேட்டால், திண்டுக்கல்லில் ஒரு கோர்ட் கேஸ் என்கிறார்கள். யாருக்கும் யாருக்கும் என்று கேட்டால், எங்களுக்குள்ளேதான் என்கிறார்கள்.

டீக்கடைக்காரர் அப்துல் ஹக்கீம் விதி எதற்கும் கட்டுப்பட்டவர் அல்ல. இரண்டாம் வாரம் நான் சந்து முனையில் கொஞ்சம் தயங்கி நின்றேன்.

"குடிகாரங்க மீட்டிங் தானே சார்? நேராப் போங்க," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். "உங்களுக்குச் சக்கரை எப்படி? இப்பவே சொல்லிருங்க, முடிஞ்சு வரும்போது கூட்டமாயிரும்."

ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று பேர் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். எல்லாம் பெரிய கதைகள். சுப்புராஜ் ஒருமுறை ஆயக்குடியில் முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்துக்குள் புகுந்து, எல்லாப் போட்டோவிலும் நின்றிருக்கிறார்.

"அந்த ஆல்பத்துல மாப்பிள்ளைய விட நான் அதிகமா இருக்கனுங்க," என்றார். "பொண்ணு வீட்ல என்னய மாப்பிள்ளையோட அண்ணன்னு நெனச்சு மோதிரம் போட்டுட்டாங்க."

மோகன்குமார் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவர் படத்துக்குப் பதில் அதற்குப் பணம் கொடுத்தவர் படத்தை அடித்துவிட்டார். அதை நான்கு இடத்தில் கட்டியும் விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு டீ குடிக்கப் போனார்கள்.

மூன்றாம் வாரம் என் முறை வந்தது. எழுந்தேன். என்னிடம் இருந்தது ஒரு மேஜை, ஒரு சுவர், ஒரு பல்லி.

"என் பேரு அசோக்குமார். நான் ஒரு குடிநோயாளி," என்றேன்.

"வணக்கம் அசோக்குமார்," என்றார்கள்.

"மனைவி இறந்துட்டா," என்றேன்.  பன்னிரண்டு பேரும் முட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கருப்புசாமி காற்றில் ஒரு சுண்டு சுண்டினார்.

"கடைசியா என்ன அப்பு சொன்னுச்சு?" என்று கேட்டார்.

கனகா கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும். அது இந்த மாதிரி இடத்தில் எழுந்து நின்று சொல்கிற விசயம் அல்ல.

"இனிமே தொடாதீங்கன்னு சொன்னா," என்றேன்.

சுப்புராஜ் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய மாமா அதே துண்டின் மறுமுனையை எடுத்துக்கொண்டார். யாரும் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன்.

அடுத்த வாரமே திருத்திச் சொல்லிவிடலாம் என்று போனேன். ஆனால் சுப்புராஜ் முதலில் எழுந்துவிட்டார்.

"செவ்வாக்கெழமை கை நடுங்கிப் போச்சுங்க. கடை வரைக்கும் போயிட்டனுங்க. வாசப்படில நிக்கையில அந்த அக்கா சொன்னது காதுல கேட்டுச்சுங்க. தொடாதீங்கன்னு. திரும்பி வந்துட்டனுங்க."

திருத்த முடியவில்லை.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்து சின்னாளபட்டிக்குப் போய் ஸ்ரீமதியைப் பார்ப்பேன். போனதும் அத்தை, "வாயத் தொறங்க மாப்ள," என்பார். திறப்பேன். மோந்து பார்ப்பார்.

"ஏலக்கா வாசம் வருது."

"டீயில போட்டது அத்தை."

"உங்க மாமனாரும் அப்படித்தான் சொல்லுவாரு. ஆயுசு முச்சூடும் ஏலக்கா டீ குடிச்ச மனுசன், ஈரல் கெட்டுச் செத்தாரு."

பிறகு இட்லி வைப்பார். வைக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அன்னிக்கு மட்டும் ஏன் அப்படிக் கரிச்சதுன்னு தெரியல."

கனகா ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீமதிக்கு சார்ட் பேப்பர் வாங்க. கிளம்புவதற்கு முன் மாவு ஆட்டி வைத்திருந்தாள். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் அந்த மாவைக் கொட்டச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். எம்மவ ஆட்டுன மாவு, கொட்ட மாட்டேன் என்று அத்தை அதில் இட்லி ஊற்றினார். ஒரு வாய் வைத்தவர்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அவ்வளவு உப்பு. அத்தை மட்டும் ஒரு இட்லியை முழுதாகச் சாப்பிட்டார். அதிலிருந்து இந்தக் கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன்.

மே மாதம் அத்தை தீர்மானமாகச் சொன்னார். "மோந்து பாத்து ஒன்னும் வெளங்கல மாப்ள. உங்க சங்கத்துத் தலைவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. லெட்டர் பேடுல, சீல் வச்சு."

"அதுல தலைவர் கிடையாது அத்தை."

"சரி, செயலாளர்."

"அவரும் கிடையாது."

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாப்ள, எங்க தெருவுல நாலு ஆட்டோ நிக்கிது. அதுக்கு ஒரு தலைவர், ரெண்டு துணைத் தலைவர், ஒரு கௌரவத் தலைவர். வண்டி இல்லாதவன் பொருளாளர். தலைவர் இல்லாத சங்கத்த நான் கேள்விப்பட்டதே இல்ல. பொய் சொல்றதுன்னா நல்லதாச் சொல்லுங்க."

கருப்புசாமியிடம் சொன்னேன். மீட்டிங்கில் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் கோடு போட்ட தாளில் அவரே எழுதிக் கொடுத்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"இதனைக் கொண்டு வரும் அ. என்பவர் இன்று வரை குடிக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இப்படிக்கு, க." தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "யாரு மாப்ள இந்த க?"

"சொல்லக் கூடாது அத்தை."

"ஊரு?"

"அதுவும் சொல்லக் கூடாது."

"இது மொட்டைக் கடுதாசியால்ல இருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "எம் பொழப்புல எம்புட்டோ மொட்டைக் கடுதாசி பாத்திருக்கேன். ஒருத்தர நல்லவருன்னு வந்து இப்பத்தான் பாக்குறேன்."

தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். "நானே வாரேன். கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்."

மூன்று மாதம் முடிந்தால் குழுவில் அதைப் பிறந்தநாள் என்பார்கள். கேக் வெட்டுவார்கள், வீட்டு ஆட்கள் வரலாம். அத்தையை அன்றைக்கு வரச் சொன்னேன். அந்த நாள்தான் இன்று.

ஆறு மணிக்குச் சந்து முனைக்குப் போனேன். டீக்கடைக்கு எதிரே பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ். அதில் நான். கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. பக்கத்தில் ஒரு சிங்கம். "90 நாள் கண்ட எங்கள் அ. அவர்களை வாழ்த்துகிறோம். இவண், பெயர் சொல்ல விரும்பாத நண்பர்கள்." அதற்குக் கீழே சிவப்பில், "'இனிமே தொடாதீங்க.' அன்னாரின் மனைவி கடைசியாகச் சொன்னது."

மோகன்குமார் கொஞ்சம் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். அவர் நாற்பது நாளாகக் குடிக்கவில்லை. கையில் வேறு வேலை இல்லை.

"பேர் போடலை பாத்தீங்களா தம்பி? ரகசியம் காப்பாத்தியாச்சு."

"தொண்ணூத்தி ஒன்னு ஆச்சு," என்றேன்.

"ரவுண்டா இருக்கட்டும்."

"சிங்கம் எதுக்கு?"

"அது எல்லாத்துலயும் வரும்."

ஹக்கீம் டீ ஆற்றிக்கொண்டே பிளெக்ஸைப் பார்த்தார். "உங்கள எந்தக் கேஸ்ல சார் தேடுறாங்க? செயின் அறுப்பா?"

அதைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தேன். அத்தையும் ஸ்ரீமதியும் டவுன் பஸ்சில் வந்து இறங்கிவிட்டார்கள். ஸ்ரீமதி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அத்தை பிளெக்ஸுக்கு முன்னால் நின்றார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் கீழ் வரியை மட்டும் படித்தார். 

"எங்க நடக்குது?" என்று ஹக்கீமிடம் கேட்டார்.

"குடிகாரங்க மீட்டிங் தானேம்மா? நேராப் போங்க. உங்களுக்குச் சக்கரை எப்படி?"

உள்ளே ஸ்ரீமதிக்கு மட்டும்தான் பெஞ்சு சரியாக இருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தாள்.

"இவங்கல்லாம் பெயிலா போயிட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா தங்கம்," என்றார் கருப்புசாமி. "நாலஞ்சு தடவ."

ஒவ்வொருவராகப் பேர் சொல்ல வேண்டும். அத்தை முறை வந்தது.

"எம் பேரு அங்கம்மா. நான் குடிக்கிறதில்ல."

"வணக்கம் அங்கம்மா," என்றார்கள் எல்லோரும். அத்தை எழுந்து பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டார்.

"எம் பேரு ஸ்ரீமதி. நானும் குடிக்கிறதில்ல."

"வணக்கம் ஸ்ரீமதி."

பிறகு வாழ்த்துரை. பேசிய ஆறு பேரும் கனகா சொன்னதைச் சொன்னார்கள். சுப்புராஜ் அதைச் சொல்லிவிட்டுத் துண்டைத் தேடினார். மாமா எடுத்துக் கொடுத்தார். அத்தை பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலக் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு சந்தேகம்ணே."

"கேளுங்கம்மா," என்றார் கருப்புசாமி.

"எம்மவ உசுரோட இருந்தவரைக்கும் இவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிக்காத மனுசன்கிட்ட எதுக்கு அவ தொடாதீங்கன்னு சொல்லப் போறா?"

தறிக் குரல். சந்து முனையில் ஹக்கீம் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. கருப்புசாமி காற்றில் சுண்டப் போன விரலை மடக்கிக்கொண்டார்.

"முன்னெச்சரிக்கையாச் சொல்லியிருப்பாங்கங்க," என்றார் சுப்புராஜ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லலை," என்றேன். "நானா கட்டுனது."

"எதுக்கு?"

"எல்லாரும் பெரிசு பெரிசாச் சொன்னாங்க."

அத்தை கொஞ்ச நேரம் அணில், ஆடு, இலையைப் பார்த்தார். "செத்தவ பேர்ல கதை கட்டுனவரு, தொண்ணூறு நாளையும் கட்டியிருக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்? அத யாரு எண்ணுனது?"

"நான்தான்."

"அதத்தான் கேக்குறேன்." எழுந்தார். "பாப்பா, செருப்ப மாட்டு."

"அப்பா வரலையா?"

"அப்பா வரல."

ஸ்ரீமதி வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டத் தொடங்கினாள். வார் போட அவளுக்கு நேரமாகும். இரண்டு கால். அதற்குள் சொல்ல வேண்டும்.

"அத்தை, அந்த மாவு," என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஆனால் நின்றார்.

"மூணாம் நாள் நீங்க இட்லி ஊத்துனது."

"கரிச்சது."

"ஆமா."

"எம்மவ அளவு தப்ப மாட்டா."

"தப்பல."

சொன்னேன். கனகா முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒன்று சொன்னாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சரி என்றேன். காதில் விழுந்தது, தலைக்குப் போகவில்லை. இடைவேளையில் சமையலறைக்குப் போனேன். மாவு ஆட்டி அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று உதவிக்கு நானே ஒரு வேலை செய்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. அவள் சொன்னது மயானத்தில் நிற்கும்போதுதான் தலைக்குப் போனது. இவ்வளவையும் சொன்னேன். அவள் சொன்னதையும் அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

அத்தை உட்கார்ந்தார். பெஞ்சின் மறுமுனையில் இருந்த சுப்புராஜின் மாமா ஒரு சாண் மேலே போனார்.

"அம்புட்டு உப்பும் நீங்களா?"

"ஆமா அத்தை."

"எம்புட்டுப் போட்டீங்க?"

"ரெண்டு கை."

"ஏற்கெனவே போட்ட மாவுல ரெண்டு கையா?"

"ஒரு கை பத்தலைன்னு தோணுச்சு."

"நாக்குல வச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"அப்ப அந்தப் பழக்கம் இல்ல."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மாமா துண்டை நீட்டினார். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதார். பிறகு இரண்டும்.

"பதினேழு மாசம் மாப்ள," என்றார். முதல்முறையாக அவர் குரல் சின்னதாக இருந்தது. "எம்மவ அன்னிக்கு என்னமோ மனசு கலங்கி இருந்திருக்கா, அதான் அளவு தெரியாம அள்ளிப் போட்டிருக்கா, அதே கலக்கத்துலதான் வண்டியையும் ஓட்டிட்டாளோன்னு நான் கண்ண மூடல. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ற மாதிரி இல்ல அத்தை."

"இல்லதான்." மூக்கைத் துடைத்தார். "அப்ப அவ நல்லாத்தான் இருந்திருக்கா."

"நல்லாத்தான் இருந்தா. திட்டிட்டுத்தான் போனா."

வாசலில் ஸ்ரீமதி இரண்டாவது வாரையும் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். அத்தை அவளைப் பார்த்தார்.

"கழட்டு," என்றார்.

"இப்பத்தான் மாட்டுனேன்."

"கழட்டிட்டு வந்து உங்கப்பா பக்கத்துல உக்காரு." என்னிடம் திரும்பினார். "துணிப்பைய டீக்கடையில வச்சிருக்கேன், எடுத்துக்கங்க. யூனிபாரம் அடியில இருக்கு. இம்புட்டு மானக்கேட்ட வாயத் தொறந்து சொன்னவரு, குடிச்சிருந்தா அதையும் சொல்லிருப்பாரு."

சுப்புராஜ் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவர் முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க, நான் அதை நெனச்சுத்தானுங்க நின்னுட்டிருக்கேன். இப்ப நான் எதைங்க நெனச்சுக்கிறது?"

அத்தை அவரை நேராகப் பார்த்தார். குரல் திரும்பியிருந்தது. "தொடாதீங்க. நான் சொல்றேன். போதுமா?"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"போதுங்க," என்றார் சுப்புராஜ். இது இன்னும் நன்றாக இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னார்.

கேக்கை ஸ்ரீமதி வெட்டினாள். அத்தை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஆனாலும் இதுக்கு ஒரு தலைவரப் போடுங்க என்று கருப்புசாமியிடம் சொல்லிக்கொண்டே சந்தில் நடந்தார்.

டீக்கடையில் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டினேன். ஸ்ரீமதி என் விரலைப் பிடித்திருந்தாள். மோகன்குமார் அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு பிளெக்ஸுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டார். ஹக்கீம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியாகிவிட்டது. மார்க்கரின் மூடியை மோகன்குமார் பல்லால் கழற்றினார்.

"தப்பா அடிச்சது என் கடை. நானே திருத்திடுறேன். உள்ளது உள்ளபடி சொல்லுங்க தம்பி."

"வேண்டாமே."

"வார்த்தை மாறாமச் சொல்லுங்க. என்ன சொன்னாங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். ஸ்ரீமதி பார்த்தாள். சிங்கமும் பார்த்தது. சொன்னேன், மோகன்குமார் எழுத எழுத, நிறுத்தி நிறுத்தி.

"மாவுக்கு உப்புப் போட்டாச்சு. நீங்க வேற போட்டுத் தொலைக்காதீங்க."